என்.எம்.ஆரில் தெரிகிறது, நிறமாலையில் காணவில்லை: என் போர்பைரின் சதுரம் எங்கே போனது?

ஊதாப்பொடி · செவ்வாய், இரவு 10:52

வணக்கம். வேதியியல் தெரிந்தவர்கள் சிலர் இங்கே எழுதுவதைப் பழைய இழைகளில் பார்த்திருக்கிறேன். அந்தத் துணிச்சலில் கேட்கிறேன். நான் சிங்கப்பூரில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். நான்கு மாதமாக ஒரே மூலக்கூறோடுதான் என் பகலும் இரவும் கழிகின்றன.

அது ஒரு போர்பைரின், நான்கு சிறு வளையங்கள் சேர்ந்த பெரிய வளைய மூலக்கூறு. வளையத்தின் நடுவில் துத்தநாகம், ஓரத்தில் மூன்று பினைல் தொகுதிகள், நான்காவது மூலையில் ஒரு பிரிடில். பிரிடிலின் நைட்ரஜன் வெளியே பார்த்தபடி நிற்கிறது. அந்த நைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் துத்தநாகத்தைப் பிடிக்க வேண்டும், அது அடுத்ததைப் பிடிக்க வேண்டும், நான்காவது திரும்பி வந்து முதலாவதைப் பிடித்தால் சதுரம் மூடிவிடும். தாளில் வரைந்தால் அவ்வளவு அழகாக வருகிறது.

பென்சால்டிஹைடையும் பிரிடின் ஆல்டிஹைடையும் பிர்ரோலோடு சேர்த்துப் புரோபியோனிக் அமிலத்தில் கொதிக்கவைத்தேன். ஆறு வகைப் போர்பைரின்கள் கலந்து வந்தன. சிலிக்கா நிரப்பிய குழாயில் மூன்று நாள் ஓட்டி, வகைகளைப் பிரித்து, ஒற்றைப் பிரிடில் உள்ளதில் மட்டும் துத்தநாகம் ஏற்றினேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

சிக்கல் இனிமேல்தான். டியூட்டரோகுளோரோஃபாமில் 5 மில்லிமோலார் செறிவுள்ள கரைசலாக என்.எம்.ஆர். (காந்தப் புலத்தில் புரோட்டான்களின் சூழலைக் காட்டும் அளவீடு) எடுத்தேன். பிரிடில் புரோட்டான்கள் வழக்கமான இடத்தை விட்டு வெகுதூரம் நகர்ந்து, அகன்று கிடந்தன. பிணைப்பு நடந்திருக்கிறது என்று குதித்தேன். அதே பொருளைக் குளோரோஃபாமில் 2 மைக்ரோமோலாராக்கி, எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் புற ஊதா, கட்புல நிறமாலை எடுத்தால், பிரிடிலே இல்லாத சாதாரணத் துத்தநாகப் போர்பைரின் எங்கே உச்சம் காட்டுமோ அதே இடத்தில் நிற்கிறது. ஒரு நானோமீட்டர்கூட நகரவில்லை. மூன்று முறை செய்துவிட்டேன்.

அடுத்த வாரம் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். சதுரம் இருக்கிறதா, இல்லையா?


ஜூரோங் இரவுப்பணி · செவ்வாய், இரவு 11:20

நான் செய்தொழில் வேதியியல் ஆள், போர்பைரின் என் துறை இல்லை. ஆனாலும் 5 மில்லிமோலாருக்கும் 2 மைக்ரோமோலாருக்கும் நடுவில் 2,500 மடங்கு இருக்கிறதே. அங்கேயே தேடத் தொடங்குங்கள்.


கிளமெண்டி மேல்மாடி · புதன், காலை 7:05

தங்கைக்கு, ஜூரோங் நண்பர் சரியான இடத்தில் விரல் வைத்துவிட்டார். உங்கள் இரண்டு கருவிகளும் உண்மையைத்தான் சொல்கின்றன. ஆனால் நீங்கள் அவற்றுக்குக் காட்டியது இரண்டு வெவ்வேறு கரைசல்கள்.

நான் பத்து ஆண்டுக்கு மேல் இந்த ஊதாப் பொடிகளோடு வேலை செய்தவன். உங்கள் நிலைமையில் நானும் நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

துத்தநாகப் போர்பைரினும் பிரிடினும் சேரும் மாறிலி (எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்ற அளவு), டொலுவீன் போன்ற கரைப்பான்களில், சில ஆயிரங்கள் என்ற அளவில் இருக்கும். 5,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் தலா 5 மில்லிமோலார் இருந்தால் ஏறக்குறைய 82 விழுக்காடு கைகோத்திருக்கும். அதே இணையை 2 மைக்ரோமோலாருக்கு நீர்க்கச் செய்தால் 1 விழுக்காடுதான் மிஞ்சும். மீதி 99 விழுக்காடு தனித்தனியாக நீந்திக்கொண்டிருக்கும். நிறமாலைக்காக நீங்கள் கரைசலை நீர்க்கச் செய்தபோதே கட்டடம் கலைந்துவிட்டது.

நீர்க்கச் செய்யாமலும் முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். சோரே பட்டை, அதாவது போர்பைரினின் முதன்மை உறிஞ்சல் உச்சம், அவ்வளவு வலிமையானது. மோலார் உறிஞ்சல் எண் 5 லட்சத்தை ஒட்டி இருப்பதால், 1 சென்டிமீட்டர் குவெட்டில் (கரைசல் ஊற்றி அளக்கும் சிறு பெட்டி) 2 மைக்ரோமோலாரே அளவுகோலில் 1-ஐத் தொட்டுவிடும். எனவே சோரேயை விட்டுவிடுங்கள், வலதுபக்கம் பாருங்கள். 550 நானோமீட்டரை ஒட்டி இருக்கும், வலிமை குறைந்த க்யூ பட்டையின் எண் 20,000 அளவுதான். 1 மில்லிமீட்டர் குவெட் ஒன்றைக் கடன் வாங்குங்கள். அதில் அரை மில்லிமோலார் கரைசலை ஊற்றினால் உச்சம் 1-க்கு அருகில் நிற்கும், வசதியாக அளக்கலாம். பிரிடின் துத்தநாகத்தில் ஏறினால் க்யூ பட்டைகள் பத்துப் பதினைந்து நானோமீட்டர் சிவப்புப் பக்கம் போகும், 600-ஐ ஒட்டிய பட்டை உயரும். பிறகு அதே கரைசலை இரண்டிரண்டு மடங்காக நீர்க்கச் செய்து, நீளமான குவெட்டுகளுக்கு மாறிக்கொண்டே போங்கள். பட்டை எந்தச் செறிவில் பழைய இடத்துக்குத் திரும்புகிறதோ, அங்கேதான் உங்கள் கட்டடம் அவிழ்கிறது.

குளோரோஃபாம் பற்றி ஒன்று. கடையில் வாங்கும் புட்டியில் நிலைப்படுத்தியாக எத்தனால் இருக்கிறதா என்று பாருங்கள். 1 விழுக்காடு எத்தனால் என்பது ஏறக்குறைய 0.17 மோலார். எத்தனால் துத்தநாகத்தை மிகத் தளர்வாகத்தான் பிடிக்கும், ஆனால் உங்கள் 2 மைக்ரோமோலாருக்கு எதிரே அது பெரும் கூட்டம். நிலைப்படுத்தி இல்லாத குளோரோஃபாம் என்றால் வேறொரு கவலை: வெளிச்சம் பட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும், அது துத்தநாகத்தையே வளையத்திலிருந்து பிடுங்கிவிடும். 650-ஐ ஒட்டி ஒரு சின்ன முனை எழுந்திருக்கிறதா? எழுந்திருந்தால் உலோகம் போய்விட்டது என்று பொருள். கார அலுமினா வழியாக ஓட்டினால் அமிலம், எத்தனால் இரண்டும் நிற்கும். ஓட்டிய அன்றே பயன்படுத்துங்கள். முடிந்தால் டொலுவீனுக்கு மாறுங்கள்.


ஊதாப்பொடி · புதன், காலை 7:48

அண்ணா, ரயிலில் நின்றுகொண்டே படித்தேன். புட்டியின் ஒட்டுத்தாளை ஒருநாளும் முழுதாகப் படித்ததில்லை. போனவுடன் பார்க்கிறேன்.


யீஷூன் ஆசிரியை · புதன், காலை 10:30

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. தொடக்கக் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்பித்தேன், முழுவதும் ஆங்கிலத்தில். அதைத் தமிழில் பேசுகிறவர்களைப் பார்த்தால் மனம் நிறைகிறது. இங்கே என்னைப் போலப் படிக்க மட்டும் வருகிறவர்களுக்காகச் சில அடிப்படைகளைச் சொல்லிவிடுகிறேன். பிழை இருந்தால் கிளமெண்டித் தம்பி திருத்தட்டும்.

போர்பைரின் என்பது நான்கு பிர்ரோல் வளையங்களை நான்கு கார்பன் பாலங்கள் இணைத்த பெரிய வளையம். பெயர் ஊதாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நடுவில் நான்கு நைட்ரஜன்கள் உள்நோக்கி நிற்க, ஒரு உலோக அயனி அதில் உட்காரும். இரும்பு உட்கார்ந்தால் நம் இரத்தத்தின் ஹீம். அதன் நெருங்கிய உறவான வளையத்தில் மக்னீசியம் உட்கார்ந்தால் இலையின் பச்சையம்.

என் மாமியார் கீரையை மூடி போட்டு வேகவைக்க விடமாட்டார். "மூடினால் கறுத்துவிடும்" என்பார். பல ஆண்டு கழித்து நான் அதை என் மாணவர்களுக்குச் சொன்னேன். கீரை வேகும்போது அதன் உள்ளே இருக்கும் அமிலங்கள் வெளியே வருகின்றன. மூடியிருந்தால் ஆவியாகும் அமிலங்களும் பாத்திரத்துக்குள்ளேயே தங்கிவிடும். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் இரண்டு உள்ளே புகுந்து மக்னீசியத்தை வெளியேற்றும். பச்சை போய் ஆலிவ் காயின் மங்கல் நிறம் வரும். புளி ஊற்றினால் கேட்கவே வேண்டாம். தேக்காச் சந்தையில் வாங்கிய முளைக்கீரையில் இன்றைக்கும் இதைக் கண்ணால் பார்க்கலாம். தங்கையின் குளோரோஃபாமில் அமிலம் செய்வதும் இதுவேதான், அங்கே மக்னீசியத்துக்குப் பதில் துத்தநாகம்.

இன்னொரு சொல். உலோகத்துக்கு இணை எலக்ட்ரான் தருவதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஈனி என்கிறார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்தச் சொல் மேல் தனிப் பிரியம். ஈதல் அதன் உள்ளேயே இருக்கிறது. இந்த இழையில் பிரிடில்தான் ஈனி. துத்தநாகம் வாங்கிக்கொள்கிறது.


கிளமெண்டி மேல்மாடி · புதன், மதியம் 12:41

டீச்சர், திருத்த எதுவும் இல்லை. கீரை உதாரணத்தை இனி நானும் சொல்வேன்.


ஜூரோங் இரவுப்பணி · புதன், மாலை 6:15

ஒரு நேரடியான கேள்வி, வருத்தப்படாதீர்கள். கரைசலை நீர்க்கச் செய்தாலே கலைந்துபோகும் பொருளை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? நான்கு போர்பைரின் சதுரமாக வேண்டும் என்றால் கார்பன் கார்பன் பிணைப்பால் கட்டிவிடலாமே. ஆலையில் நாங்கள் ஒரு பொருளைக் கட்டினால் அது கட்டியபடியே நிற்க வேண்டும். நின்றால்தான் விற்க முடியும்.


கிளமெண்டி மேல்மாடி · புதன், இரவு 9:33

நியாயமான கேள்வி. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

கார்பன் கார்பன் பிணைப்பு ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான். நான்கு துண்டுகளை வளையமாக்கும்போது மூன்றாவது துண்டு தவறான திசையில் ஒட்டிவிட்டால் அந்த மூலக்கூறு குப்பைக்குப் போகும். துண்டுகள் கூடக்கூடக் குப்பையும் கூடும், வளையத்தைவிட நீண்ட சங்கிலிகளே அதிகம் வரும். தளர்ந்த ஈதல் பிணைப்பு தவறாக விழுந்தால் அவிழ்ந்து, மறுபடி தேடி, சரியான இடத்தில் போய் உட்காரும். துத்தநாகத்தில் இந்த அவிழ்தலும் சேர்தலும் என்.எம்.ஆர். கண்ணுக்கே எட்டாத வேகத்தில் நடக்கின்றன. தங்கையின் வரிகள் அகன்று கிடப்பதற்குக் காரணம் அதுதான். திருத்திக்கொள்ளும் இந்த ஆற்றலுக்குக் கொடுக்கும் விலை, நீர்க்கும்போது கலைவது.

ஆகவே ஒவ்வொரு மூட்டுக்கும் எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். உலோகங்கள் அதற்கான தேர்வைத் தருகின்றன. துத்தநாகம் தன் தளத்துக்கு மேலோ கீழோ ஒரே ஒரு ஈனியைத் தளர்வாகப் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ருதீனியம் மறுபக்கத்தில் பிரிடினைப் பிடித்தால் எளிதில் விடாது. வெள்ளீயம், நான்காம் ஆக்சிஜனேற்ற நிலையில், பிரிடினைவிட ஆக்சிஜனைத்தான் நாடும். கார்பாக்சிலேட்டுகளை இருபுறமும் ஏற்றிக்கொள்ளும். இந்த மூன்றையும் ஒரே கரைசலில் போட்டாலும் அவரவர் ஈனியை அவரவர் தேர்ந்தெடுக்கும்படி வடிவமைக்க முடியும்.

பெல்லேடியமும் பிளாட்டினமும் போர்பைரினின் நடுவில் உட்காராமல் வெளியே மூட்டாக நிற்கும்போது கதையே வேறு. சதுரத்தளக் கோணங்கள் 90, 180 என்று கச்சிதமாக வரும். பெல்லேடியத்தின் ஈனிகள் நியாயமான வேகத்தில் இடம் மாறும். பிளாட்டினத்தில் அது லட்சம் மடங்கு மந்தம். சூடாக்கித்தான் திருத்த வேண்டும், ஆறினால் பூட்டிக்கொள்ளும். 1990-இல் ஜப்பானில் ஃபுஜிதா பெல்லேடிய மூலைகளையும் பைபிரிடினையும் நீரில் கலந்தபோது சதுரம் தானாக அமைந்தது. 1994-இல் டிரெயினும் லேனும் அதே வழியில் பிரிடில் போர்பைரின்களைச் சதுரங்களாக்கினார்கள்.

உங்கள் ஆலைக் கேள்விக்கும் பதில் உண்டு. தளர்ந்த பிணைப்பால் சரியாக அடுக்கிவிட்டு, பிறகு அழியாத பிணைப்பால் தைத்துவிடலாம். ஆக்ஸ்ஃபர்டில் ஹாரி ஆண்டர்சனின் குழு செய்வது அதுதான். ஆறு பிரிடின் கைகள் உள்ள ஒரு சக்கர மூலக்கூறு வார்ப்பு அச்சாக நிற்கும். துத்தநாகப் போர்பைரின்கள் அதைச் சுற்றிக் கைக்கு ஒன்றாக உட்காரும். உட்கார்ந்தபின் அவற்றின் அசிட்டிலீன் நுனிகளை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் ஆறு போர்பைரின் வளையம் கிடைக்கும்.

2011-இல் அவர்கள் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆறு கை அச்சுக்கு நான்கு போர்பைரின் நீளமுள்ள சங்கிலிகளைக் கொடுத்தார்கள். நான்கும் ஆறும் பொருந்தாது. ஒரு சங்கிலி போட்டால் இரண்டு கை காலி, இரண்டு போட்டால் இரண்டு போர்பைரின் மிச்சம். மூன்று சங்கிலிகளும் இரண்டு அச்சுகளும் சேரும்போதுதான் எல்லாக் கைகளும் நிறைகின்றன. எண்ணிப் பாருங்கள், 12. எட்டின் வடிவில் நடுவில் இடுங்கிய பன்னிரண்டு போர்பைரின் வளையம் வந்தது. பிரிடினை நிறையச் சேர்த்து அச்சுகளைக் கழற்றிவிட்டார்கள், வளையம் மட்டும் நின்றது. தளர்ந்த துத்தநாகப் பிணைப்பு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே முடியாது.


மாலைப்பேருந்து · புதன், இரவு 10:10

நான் தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவன். நான்கு, ஆறு, பன்னிரண்டு: இது மீச்சிறு பொது மடங்கு இல்லையா! சின்ன வயதில் படித்த கணக்கு மூலக்கூறில் வருகிறதா?


கிளமெண்டி மேல்மாடி · புதன், இரவு 10:14

அதேதான் தம்பி. வெர்னியர் அளவுகோல் இயங்கும் விதமும் இதுவே என்பதால் அந்த முறைக்கு வெர்னியர் அச்சு முறை என்றே பெயர்.


யீஷூன் ஆசிரியை · வியாழன், காலை 9:02

மாலைப்பேருந்துத் தம்பிக்கு ஒரு புதிர் தருகிறேன். நேற்றிரவு டிரெயின் பெயரைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது.

மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்துக் கோலம் போடு. அடுத்தடுத்த புள்ளிகளை மட்டும் நேர்க்கோட்டால் இணை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு போர்பைரின், ஒவ்வொரு கோடும் நடுவில் பெல்லேடியம் வைத்த ஒரு மூட்டு. ஒரு பெல்லேடியம் இரண்டு பிரிடில்களைப் பிடிக்கும். எத்தனை வகைப் போர்பைரின் வேண்டும்? மொத்தம் எத்தனை பெல்லேடியம்?


மாலைப்பேருந்து · வியாழன், பிற்பகல் 4:45

பள்ளி முடிந்ததும் போட்டுப் பார்த்தேன், டீச்சர்.

மூலைப் புள்ளி நான்கு. ஒவ்வொன்றிலும் இரண்டு கோடுகள், அவை செங்கோணத்தில் இருக்கின்றன. எனவே இரண்டு பிரிடில், பக்கத்துப் பக்கத்து மூலைகளில். ஓரத்தின் நடுப்புள்ளி நான்கு, அவற்றுக்கு மூன்று பிரிடில். நட்டநடுவில் ஒன்று, அதற்கு நான்கு பிரிடில். ஆக மூன்று வகை. பிரிடில்கள் 8, 12, 4, மொத்தம் 24. பெல்லேடியத்துக்கு இரண்டு என்றால் 12. கோடுகளை எண்ணினாலும் 12 வருகிறது.

ஒன்பதும் பன்னிரண்டும் சேர்ந்து 21 துண்டுகள். இவை எல்லாம் தானாகவா போய் உட்காரும்?


யீஷூன் ஆசிரியை · வியாழன், மாலை 5:20

முழு மதிப்பெண். 1998-இல் டிரெயின் குழு வெளியிட்டதும் இந்த 21 துண்டுக் கட்டம்தான். மூன்று வகைப் போர்பைரின்களையும் பெல்லேடியத்தையும் சரியான விகிதத்தில் கரைசலில் கலந்தார்கள். கோலத்தில் கோடு தவறினால் ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி இழுப்போமே, அந்த இடத்தில் இங்கே பிணைப்பின் தளர்ச்சி நிற்கிறது.

தங்கைக்குக் கலந்து வந்த ஆறு போர்பைரின்களில் இந்த மூன்று வகையும் அடக்கம் என்பதையும் கவனி. நான்கு மூலையிலும் பினைல், ஒரு பிரிடில், இரண்டு பிரிடில் எதிரெதிரே, இரண்டு பிரிடில் அடுத்தடுத்து, மூன்று, நான்கு. அந்த ஆறும் ஒரே குடுவையில் வந்துவிடுகின்றன. குழாயில் பிரிக்கும் பொறுமைதான் வேண்டும்.


உட்லண்ட்ஸ் வாசகி · வியாழன், இரவு 8:37

நான் வேதியியல் படிக்காதவள். கோலம் வரைக்கும் புரிந்தது, மிகவும் பிடித்தது. ஆனால் இவற்றை அடுக்கி வைப்பதால் யாருக்கு என்ன கிடைக்கும்?


கிளமெண்டி மேல்மாடி · வியாழன், இரவு 10:58

அக்கா, இதற்கு முதல் பதிலை ஒரு பாக்டீரியா தருகிறது. ஊதா நிறப் பாக்டீரியாக்கள் குளத்தின் அடியில், மங்கிய வெளிச்சத்தில் வாழ்பவை. அவற்றின் ஒளி வாங்கும் புரதம் ஒன்றின் அமைப்பு 1995-இல் தெளிவானது. உள்ளே 18 பாக்டீரியப் பச்சைய மூலக்கூறுகள் ஒரு வளையமாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் மக்னீசியத்தையும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் நைட்ரஜன் பிடித்திருக்கிறது. தங்கையின் பிரிடிலும் துத்தநாகமும் செய்வதற்கு இணையான வேலை அது. வளையத்தில் எங்கே ஒளி விழுந்தாலும் ஆற்றல் கண்ணிமைப்பதைவிடப் பல கோடி மடங்கு வேகத்தில் சுற்றி ஓடி, அடுத்த புரதத்துக்குக் கைமாறிவிடும். அப்படி ஓட வேண்டுமானால் இடைவெளியும் சாய்வும் சரியாக அமைய வேண்டும். அதனால்தான் எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் அடுக்குகிறோம் என்பதற்காக மாதக்கணக்கில் போராடுகிறோம்.

ஜப்பானின் கொபுகே, அந்த வளையத்தின் அமைப்பு தெளிவாவதற்கு முன்பே, 1994-இல் இதே வழியில் ஒரு மூலக்கூறு செய்தார். பிரிடிலுக்குப் பதில், ஹிஸ்டிடினில் இருக்கும் அதே இமிடசோல் வளையத்தைத் துத்தநாகப் போர்பைரினின் ஓரத்தில் வைத்தார். இரண்டு மூலக்கூறுகள் எதிரெதிரே வந்து, ஒன்றின் இமிடசோல் மற்றதன் துத்தநாகத்தையும், மற்றதன் இமிடசோல் இதன் துத்தநாகத்தையும் பிடித்தன. இரண்டு தளர்ந்த பிடிகள் சேர்ந்தபோது மாறிலி பத்தாயிரம் கோடி என்ற அளவுக்கு ஏறியது. ஊதாப்பொடித் தங்கை இதைக் கவனிக்க வேண்டும். பிணைப்பை மாற்றாமலே, இரண்டு கைகளால் பிடிக்கச் செய்தால், மைக்ரோமோலாரிலும் கலையாத கட்டடம் கிடைக்கும்.

மற்றொரு பக்கம், முடிவில்லாத வலைகள். 2025-இல் வேதியியல் நோபல் பரிசு கிதாகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் உலோகக் கரிமச் சட்டகங்களுக்காகக் கிடைத்தது. அவர்களில் ராப்சன், மெல்பர்னில், 1994-லேயே போர்பைரின்களை உலோகத்தால் இணைத்துப் பெரிய கால்வாய்கள் கொண்ட வலைப்படிகம் செய்தார். பிற்காலத்தில் சிர்கோனியக் கொத்துகளோடு கார்பாக்சிலிக் போர்பைரினைச் சேர்த்து, 3.7 நானோமீட்டர் அகலக் கால்வாய் உள்ளவை வந்தன. அவை நீரிலும் அமிலத்திலும் நிற்கும். வினையூக்கியாகப் பயன்படும். ஜூரோங் நண்பர் கேட்ட "நிற்க வேண்டும்" என்ற நிபந்தனையை அவை நிறைவேற்றுகின்றன.


ஜூரோங் இரவுப்பணி · வெள்ளி, காலை 6:50

இரவு முழுவதும் பணி, இப்போதுதான் படித்து முடித்தேன். தளர்வாக அடுக்கிவிட்டுப் பிறகு தைப்பது என்ற விளக்கம் எனக்கு நிறைவாக இருக்கிறது. என் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன். நிற்கும் மூட்டு எது, அவிழும் மூட்டு எது என்று அளந்து வைத்தால் போதும். சதுரம் என்று பெயரிட்டுவிட்டு அளக்காமல் விடுவதைத்தான் ஏற்க மாட்டேன்.


கிளமெண்டி மேல்மாடி · வெள்ளி, காலை 8:12

அதில் நானும் உங்கள் பக்கம். சதுரப் படம் போட்ட பல கட்டுரைகளில் நிரூபணம் படத்தோடு நின்றுவிடுகிறது. தங்கையின் மூலக்கூறைப் போன்ற துத்தநாகப் பிரிடில் போர்பைரின்கள் படிகத்தில் நீண்ட சங்கிலியாகப் போவதை 1991-லேயே ஃபிளைஷர் குழு காட்டியிருக்கிறது. எனவே கரைசலில் சதுரம் என்று சொல்வதற்கு முன் சங்கிலி இல்லை என்று காட்ட வேண்டும். டைகுளோரோமீத்தேனுக்கு மாறி மைனஸ் 60 டிகிரிக்குக் குளிர்வித்து என்.எம்.ஆர். எடுங்கள். மூடிய சதுரம் என்றால் நான்கு மூலக்கூறும் ஒன்றுபோல, ஒரே தொகுதி வரிகள். சங்கிலி என்றால் நுனிகள் தனியே தெரியும்.

படிகம் வளர்க்கும்போது மெத்தனாலைத் தொடாதீர்கள். போர்பைரின் ஆட்கள் எல்லோருக்கும் குளோரோஃபாம், மெத்தனால் என்று கை தானாகப் போகும். மெத்தனால் துத்தநாகத்தில் உட்கார்ந்துகொண்டு பிரிடிலை வெளியே தள்ளும். டொலுவீனும் ஹெக்சேனும் போதும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தையும் மறக்க வேண்டாம். நீரும் துத்தநாகத்தைத் தேடி வரும் ஈனிதான். மூடியின் வளையத்தைச் சுற்றி நன்றாக அடையுங்கள், கரைப்பானில் ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூறு சல்லடை மணிகளைப் போட்டு வையுங்கள்.


ஊதாப்பொடி · செவ்வாய், இரவு 11:36

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னியுங்கள், கருவிக்கு வரிசை நீளம்.

முதலில் புட்டி. ஒட்டுத்தாளில் எத்தனால் என்று தெளிவாக அச்சாகியிருந்தது. டொலுவீனுக்கு மாறினேன்.

1 மில்லிமீட்டர் குவெட் பக்கத்து ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. அரை மில்லிமோலாரில் க்யூ பட்டை 562-இல் நின்றது. படிப்படியாக நீர்க்கச் செய்தபோது அது 550-ஐ நோக்கி இறங்கி வந்தது, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம். இரண்டு நிலைகளுக்கும் பொதுவான வெட்டுப்புள்ளி ஒன்றும் தெரிந்தது. ஆறு கோடுகளையும் ஒரே தாளில் அச்செடுத்து மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். கண்ணாலும் பார்த்தேன்: அடர்ந்த கரைசல் பச்சை சாய்ந்த ஊதா, நீர்த்த கரைசல் இளஞ்சிவப்பு. இரண்டு குப்பிகளையும் சன்னலோரம் வைத்தபோது வெளியே மழை, அந்த மங்கலிலும் வேறுபாடு தெரிந்தது.

மைனஸ் 60-இல் வரிகள் கூர்மையாயின. ஆனால் ஒரு தொகுதி வரவில்லை. ஒரு பெரிய தொகுதி, அதன் அருகே சிறியவை பல. அடர்த்தியைக் கூட்டினால் சிறியவை வளர்கின்றன. சதுரமும் சங்கிலியும் கலந்திருக்கின்றன என்று கூட்டத்தில் சொன்னேன். சதுரம் என்று மட்டும் சொல்லும் ஆசையை விட்டுவிட்டேன். மேற்பார்வையாளர் நீர்ப்புத் தொடரைத்தான் வெகுநேரம் பார்த்தார். அடுத்த படிக்கு ஒப்புக்கொண்டார்.

அடுத்த படி: குழாயில் பிரித்து ஓரமாக வைத்திருந்த அடுத்தடுத்த இரட்டைப் பிரிடில் போர்பைரின் 40 மில்லிகிராம் இருக்கிறது. நடுவில் உலோகம் ஏற்றாமல் அப்படியே வைத்து, பென்சோநைட்ரைல் ஏறிய பெல்லேடியம் குளோரைடைச் சேர்த்து மூலைக்கு மூலை சதுரமாக்கப் போகிறேன். ஒன்றுக்கு ஒன்று விகிதம். அண்ணா, இந்த அளவில் இரண்டையும் எடைபோட்டு ஒன்றாகக் கொட்டலாமா?


கிளமெண்டி மேல்மாடி · புதன், காலை 6:58

கொட்ட வேண்டாம். இவ்வளவு சிறிய அளவில் எடையில் 5 விழுக்காடு தவறினாலும் மிஞ்சும் பெல்லேடியம் நுனிகளில் போய் ஒட்டிக்கொண்டு சதுரத்தை மூடவிடாது.

இரண்டையும் தனித்தனிக் கரைசலாக்கி, போர்பைரினின் செறிவை நிறமாலையால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெல்லேடியத்தைச் சிறு சிறு பங்காகச் சேர்த்து, ஒவ்வொரு பங்குக்கும் பிறகு என்.எம்.ஆர். எடுங்கள். பிணைக்காத பிரிடிலின் வரி மறையும் இடத்தில் நிறுத்துங்கள். கணக்கு வேறு எண்ணைச் சொன்னாலும் வரி சொல்வதைக் கேளுங்கள். சதுரம் கரைவது குறைவாக இருக்கும், அதனால் நீர்த்த கரைசலில் தொடங்கி, ஓரிரவு கிளறவிட்டு, மறுநாள் காலையில் குடுவையின் அடியில் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எறிந்துவிடாமல் வடிகட்டி எடுத்து வைத்துவிட்டு எழுதுங்கள்.


ஊதாப்பொடி · புதன், காலை 7:15

சரி அண்ணா. இன்று மாலை முதல் பங்கு சேர்க்கிறேன்.


மாலைப்பேருந்து · புதன், பிற்பகல் 3:50

அக்கா, படிவு வந்ததா என்று நாளைக்கு எழுதுவீர்களா? மூலைப் புள்ளி நான்கு, பெல்லேடியம் நான்கு. நான் கோலம் போட்டு வைத்திருக்கிறேன்.